புளி போட்டுக் கழுவிய தட்டு

மலைமேல் தூரக்கண்ணாடி வைத்து வானத்தைப் பார்க்கிற ஆபீஸ் வந்த பிறகுதான் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வீட்டு வேலை என்று ஒன்று கிடைத்தது. அதுவரைக்கும் காட்டு வேலைதான். எழுபத்தேழோ எழுபத்தெட்டோ, சரியாக நினைவில்லை, குவார்ட்டர்சில் இருந்த ஒரு சார் வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனேன். அந்த வீட்டு அம்மாவுக்கும் எனக்கும் ஒரே வயசுதான் இருக்கும், இருபது இருபத்தொன்று. வாணியம்பாடியில் பிறந்து வளர்ந்தவர். கல்யாணமாகி மலைக்கு வந்து ஆறு மாசம் ஆகியிருந்தது. "பேச ஆளில்ல, பாக்க சினிமா இல்ல, மடிச்சி வெச்ச துணி மடிப்பிலயே ஈரமாவுது" என்று அவர் புலம்பாத நாள் இல்லை.

சாருக்கு ராத்திரி வேலை. விடிந்து வந்து படுத்தால் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் எழுந்திருப்பார். எழுந்ததும் காபி. காபியோடு பாட்டு ரெக்கார்டு. ஒரு பெட்டி நிறைய ரெக்கார்டுகள் இருந்தாலும் அவர் எடுப்பது ஒன்றைத்தான். ஆபீசில் ஏதோ கண்ணாடி மாட்ட வந்த வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். அட்டையில் எழுத்தெல்லாம் சிவப்பும் பச்சையுமாக உருகி வழிகிற மாதிரி இருக்கும்.

கிட்டார் இழுத்து இழுத்து அலறும். ஒரு ஆள் சாமி வந்தவன் போலக் கத்துவான். அதற்கெல்லாம் அடியில் குபுகுபுவென்று ஒரு சத்தம், நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

"பைத்தியக்கார ஆஸ்பத்திரில கதவத் தொறந்து வுட்டாப்பல இருக்குது. ஒருநாள் இத அடுப்புல போடறேன் பாருங்க" என்பார் அம்மா.

"உனக்கென்ன தெரியும்? இந்தப் பாட்டுக் கோஷ்டி போட்ட முதல் ரெக்கார்டு இது. அதுக்கு முன்னாடி யாரும் இப்படி வாசிச்சதில்ல. இந்த மாதிரிப் பாட்டுக்கே வழி போட்டவங்க இவங்கதான்" என்பார் சார்.

"வழி போட்டவங்களக் கூப்ட்டு ஆலங்காயத்துக்கு ஒரு நல்ல ரோடு போடச் சொல்லுங்க. பஸ்ஸாவது நேரத்துக்கு வரும்."

சமையலறையில் இருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிடும். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொள்வேன்.

ஒருநாள் காபி டம்ளரை எடுக்கப் போனபோது அந்தக் குபுகுபு சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. எப்படி வாய் திறந்தேனோ தெரியவில்லை. "பானைல ஊதறாங்களா சார்?" என்று கேட்டுவிட்டேன்.

சார் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "ஜாடி! ஜாடி வாயில ஊதறான், மைக்க வெச்சு. அட்டையப் படிச்சுத்தான் எனக்கே தெரிஞ்சுது. உனக்கெப்படித் தெரியும்?"

எங்கள் ஊரில் சாமைக்காட்டுக் காவலுக்கு இருக்கிறவர்கள் காலிப் பானை வாயில் வாயை வைத்து ஊதுவார்கள். பன்றி மிரண்டு ஓடும். அதைப் பாதி சொல்லி மீதியை முழுங்கினேன். சார் அம்மா பக்கம் திரும்பி, "பாத்தியா? நீ காலேஜு வரைக்கும் போயிருக்க, உனக்கு இது இரைச்சல். அவளுக்குக் காது இருக்கு" என்றார்.

அம்மா மறுநாளிலிருந்து நான் போனதும், "வாங்க வித்துவான், பாத்திரம் காத்துக்கினு இருக்குது" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். முதல் இரண்டு நாள் நானும் சிரித்தேன். அப்புறம் சிரிக்க முடியவில்லை.

சாரோ ரெக்கார்டு போடும்போதெல்லாம், "ஏம்மா, இங்க வந்து கேளு" என்று கூப்பிடுவார். சமையலறை நிலைப்படியில் நின்று கேட்பேன். பிடித்ததா என்றால் சொல்லத் தெரியாது. ஆனால் பிறந்ததிலிருந்து என்னை வேலைக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள், கேட்பதற்கு ஒருவரும் கூப்பிட்டதில்லை. அதனால் போய் நின்றேன். நிற்காமல் இருந்திருக்கலாம்.

ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. செருப்பு, பெல்ட், ஊறுகாய் ஜாடி மூடி, எல்லாவற்றிலும் பூசணம். ரெக்கார்டிலும் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. சார் ஆபீஸ் வேலையாகப் பெங்களூருக்குப் பத்து நாள் கிளம்பினார். கிளம்பும்போது அம்மாவிடம், "அந்த ரெக்கார்டத் துடைச்சு வை. பத்திரம்" என்றார்.

அவர் போனதும் அம்மா அதை என்னிடம் நீட்டினார். "இந்தா, நீயே தொடைச்சி வை. உனக்குத்தான அது புரியுது."

எப்படித் துடைப்பது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. துணியால் துடைத்தேன். கோடுகோடாக இருந்த இடுக்கில் பூசணம் போகவில்லை. பித்தளைத் தாம்பாளத்தை எப்படிக் கழுவுவேனோ அப்படியே புளியைக் கரைத்து, தேங்காய் நாரைக்கூட எடுக்காமல், விரலாலேயே பதமாகத் தேய்த்துக் கழுவினேன். பளபளவென்று வந்தது. அன்றைக்குப் பார்த்து மழை விட்டு நல்ல வெயில். குவார்ட்டர்சுக்குப் பின்னால் பாறையில் சாமை காயப் போட்டிருந்தார்கள். அதன் ஓரமாக ரெக்கார்டுத் தட்டையும் காயவைத்துவிட்டு, துணி துவைக்கப் போய்விட்டேன். ஈரத்தோடு அட்டையில் வைத்தால் மறுபடி பூக்குமே என்றுதான் நினைத்தேன்.

திரும்பி வந்து பார்த்தபோது, எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி வளைந்து கிடந்தது. கையில் எடுத்தேன், கொழகொழவென்று சூடாக இருந்தது. அம்மிக்கல்லை மேலே வைத்து அழுத்திப் பார்த்தேன். ஒரு பக்கம் படிந்தால் மறுபக்கம் எழும்பியது. அட்டைக்குள் போட்டு, பெட்டியில் மற்ற ரெக்கார்டுகளுக்கு நடுவில் செருகி வைத்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று அந்தப் பத்து நாளும் போனது.

சார் வந்தார். அடுத்த நாள் நாலு மணிக்குக் காபி. ரெக்கார்டைப் போட்டார். ஊசி ஏறி இறங்கியது. பாடுகிற ஆள் தண்ணீரில் முங்கி முங்கி எழுவது போல இருந்தது. பானைச் சத்தம் மட்டும் தப்பிப் பிழைத்துக் குபுகுபுவென்றது.

"என்ன பண்ண இத?" சார் கேட்டது அம்மாவைத்தான். என்னை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னா பண்ணேன்?"

"அடுப்புல போடறேன், அடுப்புல போடறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தியே. போட்டுட்டியா?"

அம்மா ரெக்கார்டைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் கை ஈரத்தோடு நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. சொல்லப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆமா, நாந்தான் போட்டேன். இப்ப இன்னான்றீங்க?"

சார் திட்டியதை இங்கே எழுத மாட்டேன். அம்மாவை மட்டும் திட்டவில்லை. அவர் பெற்றோரை, வாணியம்பாடியை, அவர் படித்த காலேஜை, எல்லாவற்றையும் திட்டினார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் உள்ளே போய்ப் பாத்திரம் தேய்த்தேன். தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தேன்.

மறுநாள் காலையில் போனபோது அம்மா பெட்டி கட்டியிருந்தார். சார் வேலை முடிந்து வந்து, தெரிந்தும் தெரியாதவர் போலப் படுத்திருந்தார். பெட்டியை நான் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்குக் கூடப் போனேன். பாதி வழியில் அம்மா கேட்டார்.

"ஏன்டி சொல்லல நீ?"

"பயம்மா."

"நான் ஏன் சொல்லலன்னு தெரியுமா?"

எனக்காகத்தான் என்று நினைத்து அழுதுவிட்டேன்.

"மூஞ்சத் தொடைச்சிக்க. உனக்காக ஒண்ணும் இல்ல. நீதான்னு தெரிஞ்சா அவரு திட்டமாட்டாரு. 'பாவம், தெரியாமப் பண்ணிட்டா'ன்னு சொல்லுவாரு. அத என் காதால கேக்க வேணாம்னுதான்."

பஸ் வந்தது. பெட்டியை ஏற்றிவிட்டேன். அம்மா ஜன்னல் பக்கம் உட்காரவில்லை.

அன்றைக்கு நாலு மணிக்கு நான்தான் காபி போட்டேன். டம்ளரைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றேன். "தட்ட நாந்தான் சார் கெடுத்தேன். புளி போட்டுக் கழுவிப் பாறைல காயவெச்சேன்" என்றேன்.

சார் ஒரு நிமிஷம் விழித்தார். அப்புறம் சிரித்தார். "புளியா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். "சரி போ. பாவம், நீ தெரியாமத்தான பண்ண."

அச்சாக அதே வார்த்தை.

"என்னத் திட்டுங்க சார்."

"என்னது?"

"அம்மாவ எவ்ளோ திட்னீங்களோ, அவ்ளோ என்னையும் திட்டுங்க."

அவர் சிரிப்பு நின்றது. டம்ளரைக் கீழே வைத்தார். "அவ ஏன் ஆமான்னு சொன்னா?" என்று கேட்டார். எனக்குத் தெரியும். ஆனால் சொல்ல முடியவில்லை. அது அம்மா சொல்ல வேண்டியது. "நீங்களே போய்க் கேளுங்க சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் சார் மலையிறங்கி வாணியம்பாடிக்குப் போனார். மூன்றாம் நாள் இரண்டு பேரும் வந்தார்கள். அம்மா நேராகச் சமையலறைக்கு வந்து, சாருக்குக் கேட்காத குரலில், "இன்னாடி, திட்டு வாங்கினியா?" என்று கேட்டார்.

அவர் கண்ணில் ஒரு ஆசை தெரிந்தது. ஆமாம்மா, நல்லா திட்டினாரு என்று சொல்லியிருக்கலாம். பத்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவளுக்கு ஒரு பொய் சொல்லவா தெரியாது? ஆனால் இனி அவரிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று அந்த மூன்று நாளும் எனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"இல்லம்மா. சிரிச்சாரு" என்றேன்.

அம்மா தலையை ஆட்டினார். குழாயடியில் கிடந்த பாத்திரங்களுக்கு முன்னால் உட்கார்ந்து, தானே தேய்க்க ஆரம்பித்தார். "குடும்மா" என்று கை நீட்டினேன். கொடுக்கவில்லை.

"நாளையிலருந்து நீ வராத, வித்துவான்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. நான் கையைத் துடைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே வந்தேன். பாறையில் யாரோ சாமையை வாரிக்கொண்டிருந்தார்கள்.