காலரக்காவின் காகிதக் காலர்கள்

உள்ளறையிலிருந்து தையல் மெஷின் டகடகவென்று ஓடும் சத்தம் கேட்டது.

கேட்கக் கூடாத நேரத்தில், கேட்கக் கூடாத ஆளின் காதில் கேட்டது. அந்த ஆள் அப்போதுதான் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தொழிலாளர் நல அலுவலகத்திலிருந்து வீடு வீடாகச் சரிபார்க்க வருகிறவர். எதிரே, மத்தியானச் சாப்பாட்டுக்காக மோட்டார் பட்டறையிலிருந்து வீட்டுக்கு வந்திருந்த மெக்கானிக், கையில் கிரீஸும் முகத்தில் பீதியுமாக நின்றார். உள்ளே மெஷினை மிதித்துக்கொண்டிருந்தது அவருடைய மனைவி.

"அது என்னங்க சத்தம்?" என்றார் வந்தவர்.

"வாஷிங் மெஷின் சார்."

வந்தவர் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். மின்விசிறி அசையாமல் தொங்கியது. தெரு முழுக்கக் கரண்ட் இல்லை.

"கரண்ட் இல்லாமயே ஓடுதா?"

"அது... பழைய மாடல் சார்."

"இப்படி ஒண்ணு எங்க கிடைக்கும்னு சொல்லுங்க, எங்க வீட்டுக்கும் வாங்கிப் போடறேன்."

மெக்கானிக்குக் காதுவரை சூடேறியது. எத்தனையோ எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய மனிதருக்கு ஒரு பொய்யைப் பூட்டத் தெரியவில்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த உண்மை இருக்கிறதே, அது பொய்யைவிடக் கேவலமாக இருந்தது. யார் நம்புவார்கள்?

அந்த அம்மாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வயதுப் பெண்ணாகச் சட்டைக் கம்பெனிக்குள் போனவள். முதல் நாள் காலர் தைக்க உட்கார வைத்தார்கள். அதற்கப்புறம் எழுப்பவே இல்லை. கம்பெனியில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவள் காலரக்கா. கல்யாணத்தன்று மேடையில் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் முன்பு அவர் சட்டைக் காலரைப் பார்த்தவள். "முனை ரெண்டும் சமமா இல்லையே" என்பதுதான் அவள் கணவனோடு பேசிய முதல் வாக்கியம். பிரசவ வலி வந்த நாளில்கூட, "கையில இருக்கற காலர்க் கட்டை முடிச்சிட்டு வர்றேன்" என்றாளாம். மகள் பிறந்து, வளர்ந்து, இன்றைக்கு வெளியூரில் நர்ஸ் படிப்பும் படிக்கிறாள். அம்மா மட்டும் இன்னும் கையிலிருக்கும் கட்டை முடித்தபாடில்லை.

அப்படிப்பட்டவளைத்தான் காலம் வீட்டில் உட்கார வைத்தது. கடல் தாண்டி, முகம் தெரியாத சனங்கள் புதுச் சட்டை வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். எல்லா நாட்டிலும் மந்தம் என்றார்கள். கம்பெனிக் கதவில் பூட்டு தொங்கியது. நல்ல வேளையாக அரசாங்கம் ஒரு வழி செய்திருந்தது. கம்பெனி ஆட்களை வேலையைவிட்டு நீக்கக் கூடாது, வீட்டுக்கு மட்டும் அனுப்பலாம். மந்தம் தீரும்வரை பாதிச் சம்பளத்தை அரசாங்கமே கொடுக்கும். நிபந்தனை ஒன்றுதான்: அந்தப் பணத்தை வாங்குகிறவர் வேறெங்கும் கூலிக்கு வேலை செய்யக் கூடாது. செய்தது தெரிந்தால் உதவி அன்றோடு நின்றுபோகும்.

மெக்கானிக்கின் சம்பளம் வாடகைக்கும் வயிற்றுக்கும் சரியாகப் போயிற்று. மகளின் படிப்பு அந்தப் பாதிச் சம்பளத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது அது இந்த டகடக சத்தத்தில் தொங்கியது.

"கூப்பிடுங்க அவங்கள" என்றார் வந்தவர்.

கூப்பிட அவசியம் இல்லை. சத்தம் நின்றது. "என்னங்க, யார்கிட்டப் பேசிக்கிட்டிருக்கீங்க? சோத்தப் போட்டு வெச்சு எவ்வளவு நேரம்!" என்றபடி காலரக்காவே கதவுத் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். கழுத்தில் அளவு டேப். காதோர முடியில் செருகிய குண்டூசி. பிடிபடுவதற்கென்றே சிங்காரித்துக்கொண்டு வந்த மாதிரி ஒரு கோலம்.

மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அக்கா, வெளித் தையல் எடுக்கறீங்களா?"

"ஐயையோ, யார் சொன்னது?"

"மெஷின்தான் சொல்லுச்சு."

காலரக்கா கணவனைப் பார்த்தாள். "நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"வாஷிங் மெஷின்னு சொன்னாரு" என்றார் வந்தவர்.

"அட கடவுளே! இவர் வாயத் தொறந்தா வண்டிகூட ஸ்டார்ட் ஆகாது. வாங்க தம்பி, உள்ள வந்து உங்க கண்ணாலயே பாருங்க."

உள்ளறையில் சுவரோரம் பழைய கால்மிதி மெஷின். பக்கத்தில் தரையில் ஒரு குவியல். அத்தனையும் காலர்கள்! வந்தவரின் முகம் இறுகியது. குனிந்து ஒன்றை எடுத்தார். சரசரவென்றது.

செய்தித்தாள்.

பழைய செய்தித்தாளைக் காலர் வடிவத்தில் வெட்டி, மடித்து, ஓரத்தில் ஊசி போட்டிருந்தது. எறும்பு வரிசைபோல் நேர்த்தியான ஓட்டைகள். ஓட்டை மட்டும்தான். நூலே இல்லை. மெஷினைப் பார்த்தார். அதிலும் நூல் கோக்கவில்லை. கையிலிருந்த காலரின் ஒரு முனையில் 'ஏற்றுமதி சரிவு' என்ற தலைப்பும், மறு முனையில் 'விரைவில் சீராகும்' என்று சொன்ன பெரிய மனிதர் ஒருவரின் பாதிச் சிரிப்பும் இருந்தன.

"நூல் இல்லாமத் தைக்கறீங்களா?"

"தைக்கல தம்பி. மிதிக்கறேன்."

"எதுக்கு?"

காலரக்காவின் உதடு துடித்தது. இனி அணை தாங்காது என்று மெக்கானிக்குத் தெரிந்துவிட்டது.

"கம்பெனி தொறக்கறப்ப வேகம் பாத்துத்தான் உள்ள விடுவாங்கன்னு சொல்றாங்க. கை மந்தமானவங்கள வெளியவே நிறுத்திடுவாங்களாம். ஊருக்கு மந்தம் வந்தாத் தீரும் தம்பி, என் கைக்கு வந்தா யார் தீர்ப்பா? நூல் போட்டா வேலைன்னு சொல்லிடுவீங்க. அதான் நூல உருவி அலமாரில பூட்டி, சாவிய இவர்கிட்டக் குடுத்துட்டேன். துணி தொட்டா தப்பு. பேப்பர் தொட்டா என்ன தப்பு? சொல்லுங்க! நான் பாவியா?" என்று முந்தானையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டாள். காதோரக் குண்டூசி குத்தியதால் வந்த கண்ணீரும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது.

மெக்கானிக் சாவியை இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினார். "நெஜம் சார். ராத்திரி படுத்தாலும் கால் நிக்காது. தூக்கத்துல மிதிப்பா. என் முழங்கால்தான் பெடல்." கால்சட்டையைச் சுருட்டி, கன்றிப்போன காலையும் சாட்சிக்குக் காட்டினார்.

வந்தவர் சிரிப்பை அடக்க மீசையைத் தடவினார். அடங்கவில்லை. வெடித்துச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கூலி வாங்கினாத்தான்கா தப்பு. பேப்பருக்கு யார் கூலி குடுப்பா? கூலி வேலை எதுவும் செய்யலன்னே எழுதிக்கறேன்" என்றார்.

வீட்டுக்குள் மூச்சு திரும்பியது. மெக்கானிக் டீ போட ஓடினார். டீயில் சர்க்கரை இரண்டு மடங்கு விழுந்தது.

ஆனால் காலரக்காவின் கண் வேறெங்கோ இருந்தது. பயம் போனதும் பழைய புத்தி வந்துவிட்டது. அவள் பார்த்தது வந்தவரின் சட்டைக் காலரை. மடிப்பில் நைந்து, நூல் பிரிந்து, உள்ளே வெள்ளைப் பட்டி எட்டிப் பார்த்தது.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. அந்தக் காலரப் பிரிச்சுத் திருப்பி வெச்சா சட்டை புதுசாயிடும். டீ ஆறறதுக்குள்ள முடிச்சிடுவேன்."

மெக்கானிக் டீத்தம்ளரோடு சிலையானார். "அடியே! இப்பத்தானே தப்பிச்சோம்!"

"கழட்டுங்க தம்பி. காசு வேணாம்."

வந்தவர் காலரைக் கையால் மறைத்துக்கொண்டார். "வேணாம்கா. காசு குடுத்தா உங்களுக்குக் கூலி. உங்க உதவி போயிடும். குடுக்கலன்னா எனக்கு லஞ்சம். என் வேலை போயிடும்."

"ஒரு காலருக்கா இவ்வளவு சட்டம்?"

"அதோட, என் வேலை எப்படியும் போகத்தான் போகுது." அவர் டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மந்தம் வந்ததால வீடு வீடாப் பாக்க ஆள் வேணும்னு எங்களத் தற்காலிகமா எடுத்தாங்க. மந்தம் தீந்தா சரிபார்க்க யாரு இருப்பா? கம்பெனி தொறக்கற அன்னிக்கு எங்கள அனுப்பிடுவாங்க."

"உங்களுக்கும் பாதிச் சம்பளம் குடுப்பாங்கல்ல?"

"தற்காலிக ஆளுக்கு அதெல்லாம் கெடையாதுக்கா. உங்களுக்கு அது கெடைக்குதான்னு பாக்கற வேலைதான் எனக்கு."

இவ்வளவு நாள் காலரக்கா கும்பிட்ட சாமிகளுக்குக் கணக்கில்லை. எல்லோரிடமும் கேட்டது ஒன்றுதான்: கம்பெனி சீக்கிரம் திறக்க வேண்டும். இப்போது அந்த வேண்டுதல் தொண்டையில் முள்ளாக நின்றது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். இந்த முறை நடிப்புக் கலப்பில்லை என்று மெக்கானிக்குத் தெரியும். குண்டூசி எப்போதோ கழன்று கீழே விழுந்திருந்தது.

"அப்படின்னா ஒண்ணு செய்யுங்க" என்றாள் கடைசியில். "கம்பெனி தொறந்த அன்னிக்கு சாயங்காலம் இங்க வாங்க. அன்னிக்கு நீங்க ஆபீசர் இல்ல, நான் உதவி வாங்கறவளும் இல்ல. லஞ்சமும் இல்ல, கூலியும் இல்ல. வேற வேலை கேட்டுப் போறப்ப கழுத்து நல்லா இருக்கணும் தம்பி. மொதல்ல அதத்தான் பாப்பாங்க."

"எல்லாரும் உன்ன மாதிரியா?" என்றார் மெக்கானிக்.

"பாக்காதவன்கிட்ட எதுக்கு வேலைக்குப் போகணும்?"

வந்தவர் சிரித்தார். போகும்போது குவியலிலிருந்து ஒரு காகிதக் காலரை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். "இது லஞ்சம் இல்லையே?"

"பழைய பேப்பர் தம்பி, எடைக்குப் போறது."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். காலரக்கா வாசலில் நின்று பார்த்தாள். முன்பக்கம் பரவாயில்லை. பின்பக்கம் நைந்த இடத்தில் வெயில் பட்டு, பிரிந்த நூல் ஒன்று நடைக்கு நடை ஆடியது. அவளுடைய வலது கால் தானாக நிலைப்படியை ஒருமுறை மிதித்தது.

"என்னால பாக்க முடியலங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.