ஆட்சேபம் உண்டோ?

ஊரில் நான் பள்ளிக்கூட ஆசிரியை. தேர்தல் வந்தால் எங்களைத்தான் வாக்குச்சாவடிக்குப் பிடித்துப் போடுவார்கள். வாக்காளர் இடாப்பில் பெயரைத் தேடி, சாவடி முழுக்கக் கேட்கும்படி உரத்து வாசிப்பது என் வேலை. உரத்து வாசிக்கக் காரணம் இருந்தது. கட்சிகளின் முகவர்கள் பக்கத்து வாங்கில் இருப்பார்கள். "இது அந்த ஆளில்லை" என்று அவர்களில் ஒருவர் சொன்னால் மறித்து விசாரிக்க வேண்டும். செத்துப்போனவர்கள் வரிசையில் வந்து வாக்குப் போட்டுவிட்டுப் போன சாவடிகளிலும் இருந்திருக்கிறேன். உண்மையான ஆள் பிந்தி வந்து, "என்ர வோட்டை ஆரோ போட்டிட்டாங்களே" என்று நின்றால், வேறொரு சீட்டைக் கொடுத்து, அதைப் பெட்டிக்குள் போடாமல் தனி உறையில் வைப்போம். அந்த உறையைத் திறந்து எண்ணியதை நான் கண்டதில்லை. ஆளைச் சண்டையில்லாமல் வீட்டுக்கு அனுப்ப அது ஒரு வழி.

இந்த அறிவு ஜெர்மனியில் தேவைப்படும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

டோர்ட்மண்டில் எங்களை வைத்திருந்த அகதி விடுதியை ஹைம் என்போம். ஹைம் என்றால் ஜெர்மன் மொழியில் வீடு என்றும் அர்த்தமாம். நல்ல பகிடி. சமையலறையைப் பூட்டி வைத்துவிட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் ஆறிய உருளைக்கிழங்கு தருவார்கள். சமையலறையைத் திறக்கச் சொல்லி ஆளுக்காள் போய்க் கத்தினோம். அங்கே வேலை செய்த சமூக உதவியாளரான ஜெர்மன் பெண்ணுக்கு ஒருநாள் பொறுமை போய்விட்டது. உங்களுக்காகப் பேச ஒருவரைத் தேர்ந்தெடுங்கள், வாக்கெடுப்பு நடத்துங்கள் என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு அது மிகச் சாதாரணமான விஷயம்.

எங்களுக்கு அப்படியா? உடனே இரண்டு கட்சி. போட்டியிட்ட ஒருவர் யாழ்ப்பாணத்து வடமராட்சி ஆள், மற்றவர் அங்கத்தைய தீவுப் பகுதிக்காரர், தீவான். உருளைக்கிழங்கு மறந்துபோய், பக்கத்து ஹைமிலிருந்து ஆள் கொண்டுவந்து கள்ள வோட்டுப் போடப் போகிறார்கள் என்று இரு பக்கமும் குற்றம் சாட்டத் தொடங்கின. கடைசியில் எல்லோரும் அவுஸ்வைஸ் காட்டித்தான் வாக்களிக்க வேண்டும் என்று முடிவானது. அவுஸ்வைஸ் என்பது அகதி அலுவலகம் தந்த, படம் ஒட்டிய அடையாள அட்டை. பெயர் வாசிக்க என்னைப் போட்டார்கள். நான் ஊர் முறையையே கொண்டுவந்தேன். பெயர் வாசித்ததும் "ஆட்சேபம் உண்டோ?" என்று கேட்பேன். ஆட்சேபம் வந்தால் சீட்டுத் தனி உறைக்குள் போகும். ஆளைத் தெரிந்த ஒருவர் முன்னால் வந்து, "இவரை எனக்குத் தெரியும்" என்று சொன்னால் மட்டும் அது பெட்டிக்குள் விழும்.

அதுவரை அந்த ஹைமில் ஒருவருடைய முழுப் பெயர் இன்னொருவருக்குத் தெரியாது. அலுவலகத்தில் எங்கள் அப்பாமாரின் பெயர்களைக் குடும்பப் பெயராக எழுதிவிட்டார்கள். காவலாளி கடிதங்களை வைத்துக்கொண்டு அந்தப் பெயர்களைத்தான் கூப்பிடுவான். கடலைக் கடக்காத எங்கள் அப்பாமார் எல்லோரும் அப்படித்தான் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தார்கள். அதையும் அவன் வாய்க்குள் போட்டு நொறுக்கித் துப்புவான். தன் பெயர் எப்படி நொறுங்கும் என்பதை மட்டும் அவரவர் பழகி வைத்திருந்தோம். எங்களுக்குள் அண்ணை, அக்கா, தம்பி என்பதோடு சரி.

என்னோடு ஒரே அறையில் இருந்தவள் மன்னார்க் கரையைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெண். புருஷன் முதலில் புறப்பட்டவன். "அடுத்த கிழமை பிளேன் ஏறுறன்" என்று கொழும்பிலிருந்து கடிதம் போட்டவன், பிறகு ஒரு வரி எழுதவில்லை. அவன் எங்கோ ஒரு நாட்டில் இறங்கிவிட்டான், எழுத வழியில்லாமல் இருக்கிறான் என்று நம்பி இவள் பின்னால் புறப்பட்டு வந்திருந்தாள். பிரான்ஸிலிருந்து ஒருவர் வந்தால் போதும், ஓடிப்போய் விசாரிப்பாள். அப்போதும் "எங்கட அவர்" என்றுதான் சொல்வாள். உயரம் சொல்வாள், நெற்றித் தழும்பு சொல்வாள், பெயர் சொல்லமாட்டாள். புருஷன் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் அவர்கள் பக்கம் இல்லை. அகதி அலுவலகத்தில் கேட்டபோதும் எழுதித்தான் கொடுத்தாளாம். பெயரைச் சொல்லாமல் ஆளை எப்படித் தேடுவது என்று நான் எத்தனையோ தடவை ஏசியிருக்கிறேன். கேட்டால்தானே.

வாக்கெடுப்பு ஒரு சனிக்கிழமை பின்னேரம் சாப்பாட்டு மண்டபத்தில் நடந்தது. ஜெர்மன் பெண் என் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள். முதல் பத்துப் பதினைந்து பேருக்கு ஒரே சிரிப்புத்தான். ஒருவருடைய முழுப் பெயரைக் கேட்டு மற்றவர்கள் விசிலடித்தார்கள்.

பிறகு அந்தப் பொடியன் வந்தான். அட்டையில் முப்பத்தைந்து வயது, முகத்தில் மீசை ஒழுங்காக அரும்பவில்லை. நான் அட்டையை வாங்கி, தகப்பன் பெயரை முதலிலும் அவன் பெயரைப் பின்னாலும் வைத்து, எங்கள் முறைப்படி நிறுத்தி வாசித்தேன். பிறந்த ஊரையும் வாசித்தேன். கிறிஸ்தவப் பெயர், மன்னாரில் ஒரு கடற்கரைக் கிராமம். "ஆட்சேபம் உண்டோ?"

"உண்டு!" பொடியன் மற்றவருக்குத்தான் போடுவான் என்று தெரிந்திருந்த தீவானின் முகவர் எழும்பிவிட்டார். "ரீச்சர், இவன் எங்கட பக்கத்து ஊர்ச் சைவப் பொடியன். தேருக்கு வடம் பிடிச்சவன். இவனுக்கு எங்காலை வேதக்காரப் பேர்?"

சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அந்த மண்டபத்தில் மடியில் கனமில்லாத ஒருவரும் இல்லை. ஆளனுப்பும் ஏஜென்சிக்காரன் கொடுத்த பிறருடைய பாஸ்போட்டில் வந்து, பயத்தில் அதே பெயரைக் கொடுத்துவிட்டு, பிறகு மாற்ற முடியாமல் இருந்தவர்கள் எத்தனை பேர். பொய்ப் பெயர் என்று அலுவலகம் அறிந்தால் பொடியனின் அகதி வழக்கு அன்றோடு முடிந்தது. அவன் முகம் சாம்பலாகிவிட்டது.

"என்ன பிரச்சினை?" என்று ஜெர்மன் பெண் என்னைக் கேட்டாள். முகவர் தன் அரைகுறை ஜெர்மனில், "பெயர்... இவன் இல்லை..." என்று தொடங்கிவிட்டார். அந்த மனிதரின் வாயில் துணியை அடைக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. ஆறிய உருளைக்கிழங்குப் பெட்டிக்கு ஒரு பொடியனின் உயிரை விலை பேசுகிறார், அது அவருக்கே விளங்கவில்லை. நான் எதையாவது சொல்லிச் சமாளிக்க ஜெர்மன் சொற்களைத் தேடினேன்.

வரிசையிலிருந்து என் அறைத்தோழி முன்னால் வந்தாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு இவரைத் தெரியும்" என்றாள், ஜெர்மனில், அந்தப் பெண்ணைப் பார்த்து. பிறகு, நான் வாசித்த முழுப் பெயரையும் தானே ஒருமுறை சொன்னாள். தகப்பன் பெயர், அவன் பெயர், ஊர். "என்ர ஊர்தான். சின்னனிலையிருந்து தெரியும்."

ஜெர்மன் பெண் தலையாட்டினாள். சீட்டுப் பெட்டிக்குள் விழுந்தது. முகவர் முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊர்க்காரி உதவி செய்தாள் என்று நினைத்து எனக்குப் பெரிய ஆறுதல். அவள் தன் வாக்கைப் போடாமலே அறைக்குப் போய்விட்டதைக்கூட நான் கவனிக்கவில்லை.

நான் போனபோது கட்டில் ஓரத்தில் இருந்தாள். "அது எங்கட அவரின்ர பேர்" என்றாள்.

நான் கதவைச் சாத்தினேன். "விசரி! பிறகேன் தெரியும் எண்டு சொன்னனீ?"

"சொல்லாட்டி அந்தப் பொடியனை அனுப்பிப் போடுவாங்கள் எல்லே. என்ர பைலிலையும் அந்தப் பேர்தான் கிடக்கு. புருஷன் காணாமல் போனவர் எண்டு எழுதிக் குடுத்திருக்கிறன். துருவத் தொடங்கி ரெண்டையும் பக்கத்திலை வைச்சுப் பாத்தால், புருஷன் இஞ்சைதானே இருக்கிறார் எண்டு என்னையும் வெளியாலை விட்டிடுவாங்கள்."

அவள் அதையெல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்குள், மேசையைப் பிடித்தபடியே யோசித்திருக்கிறாள். படித்தவள் என்று பெயர் வைத்துக்கொண்டு நான் அங்கே மரமாக இருந்தேன்.

மறுநாள் பொடியனே அறைக்கு வந்தான். கதவடியில் நின்று, உள்ளே வராமல், அவளைப் பார்த்துச் சொன்னான்.

"அக்கா, நீங்கள் எனக்காகப் பொய் சொன்னனீங்கள்."

"இரும் தம்பி. ஒண்டே ஒண்டு கேக்கிறன். அந்தப் பாஸ்போட் எங்கை கிடைச்சது?"

"கொழும்பிலை. ஏஜென்சிக்காரன் தந்தவன். நத்தார் முடிஞ்சு."

"அப்ப அதிலை வேற நாட்டுச் சீல் ஏதும் குத்திக் கிடந்ததோ?"

அவள் என்ன கேட்கிறாள் என்பது அவனுக்கு விளங்கவில்லை. அவளுக்கு நல்ல செய்தி சொல்வதாக நினைத்து அவசரமாகச் சொன்னான்: "ஒண்டும் இல்லை அக்கா. புதுசு. ஒரு சீலும் விழேல்லை. படத்தை மட்டும்தான் மாத்தினவங்கள்."

புருஷன் எழுதிய கடைசிக் கடிதம் அந்த நத்தாருக்கு, கிறிஸ்மஸுக்கு, முன்னால் வந்தது. சீல் விழாத அந்தப் பாஸ்போட் அவனுடையது; அவன் பிளேன் ஏறவேயில்லை. பிரான்ஸிலும் இல்லை, எங்கேயும் இல்லை. அவள் "ஓம்" என்றாள். இரண்டு முறை "ஓம், ஓம்" என்றாள். தேத்தண்ணி குடிக்கிறீரோ என்று அவனைக் கேட்டாள். அவன் போன பிறகுதான் நான் அவனிடம் எல்லாவற்றையும் சொல்ல எழும்பினேன். அவள் என் கையைப் பிடித்து இருத்திவிட்டாள். ஆனாலும் இரண்டு நாள் கழித்து, மனம் பொறுக்காமல், படிக்கட்டில் வைத்து அவனுக்குச் சொன்னேன். அவன் சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுதான்.

யார் வென்றார் என்று இப்போது எனக்கு நிச்சயமாக ஞாபகமில்லை. வடமராட்சிதான் என்று நினைக்கிறேன். சமையலறையைத் திறந்தார்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு ஊர்ப் பாதிரியார் ஒருவர் வந்து தமிழில் பூசை வைப்பார். அந்த மாதம் அவள் இறந்தவர்களுக்கான பூசை கேட்கப் போனாள். துணைக்கு நானும் போனேன். பூசைக்கு முன் இறந்தவர்களின் பெயர்களை அவர் உரத்து வாசிப்பது வழக்கம். கோயில் நிறைய எங்கள் ஹைம் சனங்கள் இருப்பார்கள்.

"ஆருக்கு, பேர் என்ன?" என்று பாதிரியார் பேனாவை எடுத்தார்.

"பேர் வேண்டாம் பாதர்."

"பேரில்லாமல் எப்பிடி மகள்? ஆண்டவருக்குத் தெரியும், ஆனால் சனத்துக்குத் தெரிய வேண்டாமோ?"

"சனத்துக்குத் தெரிஞ்சால் கரைச்சல் பாதர். அந்தப் பேரிலை ஒராள் உயிரோடை இருக்கிறார்."

பாதிரியார் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார்.

ஞாயிறு பூசைக்கு அந்தச் சைவப் பொடியனும் வந்திருந்தான். எப்போது எழும்புவது, எப்போது முழங்காலில் நிற்பது என்று தெரியாமல் பின்வரிசை வாங்கில் இருந்து மற்றவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தான். பாதிரியார் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். கடைசியில் சற்று நிறுத்தி, "இன்னுமொரு ஆத்துமாவுக்காகவும்" என்றார். அவள் எல்லோரோடும் சேர்ந்து ஆமென் சொன்னாள்.