சந்திரம்மாளின் பேட்ஜ்

பெங்களூர் ரோட்டில் லாரி கவிழ்ந்தால் பென்னலூர் சந்திரம்மாளுக்கு முதுகு வலிக்கும். அடிபட்டவர்களை ஸ்ரீபெரும்புதூரில் அவள் வேலை பார்க்கும் தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிவருவார்கள். வலியில் திமிறும் காலை எக்ஸ்ரே மேஜைமேல் அசையாமல் பிடித்துக்கொள்வது அவள் வேலை. கால் ஆடினால் படம் கலங்கிவிடும். பதினாறு வருஷமாக அவள் பிடித்த கால் எதுவும் ஆடியதில்லை. புருஷன் போன பிறகு இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்ததும் இந்த வேலையை வைத்துத்தான். கதிரைத் தடுக்க இருந்த ஒரே ஈய அங்கியைப் படம் எடுக்கும் பலராமன் மாட்டிக்கொள்வார். "என் இடுப்புக்கு அது பத்தாது" என்று சந்திரம்மாள் சிரித்துவிடுவாள்.

தொண்ணூற்றொன்று ஜனவரியில் மெட்ராஸிலிருந்து டாக்டர் மதிவதனி வந்தார். அவசர கேஸில் அடிபட்டவர்களைப் பிடிக்கிறவர்கள்மேல் எவ்வளவு கதிர் படுகிறது என்று ஆராய்ச்சி செய்கிறவர். மார்பில் குத்திக்கொள்ள ஆளுக்கொரு பேட்ஜ் கொடுத்தார். உள்ளே சின்ன ஃபிலிம். மாதக் கடைசியில் கழுவிப் பார்த்தால் பட்ட கதிரின் அளவு தெரியும்.

சந்திரம்மாள் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் பீரோவில் பட்டுப்புடவைமேல் வைத்தாள். பதினாறு வருஷத்தில் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கிடைத்த முதல் மரியாதை. ரத்தம் தெறிக்கிற இடத்தில் குத்தி அழுக்காக்குவாளா?

மாதக் கடைசியில் எல்லோருடைய அளவையும் எழுதிச் சுவரில் ஒரு தாளை ஒட்டினார்கள். அவள் பெயருக்கு நேரே பூஜ்யம். சேர்ந்து எட்டு மாதமே ஆன இசைவாணிக்குத்தான் எல்லோரையும்விட அதிகம்.

"இன்னாக்கா, மாசம் பூரா லீவுல கீறியா?" என்றாள் இசைவாணி.

டாக்டர் இசைவாணியைப் பக்கத்தில் உட்காரவைத்து, எப்படி நின்றாள், எங்கே பிடித்தாள் என்று கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதினார். ஒரு வாரம் எக்ஸ்ரே அறைக்கே போகவேண்டாம் என்றும் சொன்னார். இசைவாணிக்குக் கால் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே சந்திரம்மாள்தான். அன்றைக்குச் சந்திரம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

"அது நல்ல நம்பர் இல்லக்கா. ஒடம்புக்குக் கெடுதியாம்."

"கெடுதியில கூட நீதான் முந்தணுமாடி?"

அடுத்த மாதம் பேட்ஜ் பீரோவிலிருந்து இறங்கியது. ஒரு மத்தியானம் பலராமன் சாப்பிடப் போன நேரத்தில், சந்திரம்மாள் அதை எக்ஸ்ரே மேஜையின் நடுவில் வைத்துவிட்டுத் தடுப்புச் சுவருக்குப் பின்னால் வந்து பொத்தானை அழுத்தினாள். பலராமன் செய்வதைப் பதினாறு வருஷமாகப் பார்த்த வேலை. நாலு தடவை அழுத்தினாள்.

மாதக் கடைசியில் தாளை ஒட்டுவதற்கு முன்பே டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"பேட்ஜுக்குள்ள இருக்கிற உலோகத் துண்டோட நிழல் இது. ஓரத்தைப் பாருங்க."

பிளேடால் வெட்டியதுபோல் இருந்தது ஓரம்.

"மனுஷங்க மேல இருந்தா ஆடும். ஓரம் கலங்கியிருக்கும். இது எங்கேயோ சும்மா கெடந்திருக்கு."

ஆடினால் படம் கலங்கும் என்பதைச் சந்திரம்மாளுக்கு இன்னொருத்தர் சொல்லவேண்டியதில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்போ மொத மாசம்?"

"வூட்டு பீரோவுல இருந்துச்சும்மா."

டாக்டர் சிரிக்கவில்லை. "உங்க நம்பர்தாம்மா எனக்கு முக்கியமா வேணும்" என்று மட்டும் சொல்லி, அவளுடைய இரண்டு மாதத்தையும் சிவப்பு மையில் அடித்தார். "இனிமேலாவது குத்திக்குங்க."

மறுநாளே குத்திக்கொண்டாள். பெரிய கேஸ் வரட்டும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேஸ் எதுவும் வருவதற்குள், அந்த வாரமே மணல் மூட்டைகளும் தோல் வார்களும் வந்து இறங்கின. இசைவாணிக்கு வந்த நம்பரைக் காட்டித்தான் டாக்டர் நிர்வாகத்திடம் கேட்டு வாங்கியிருந்தார். இனி அடிபட்ட காலை மூட்டைகளுக்கு நடுவில் வைத்து வாரால் கட்டிவிட்டு, எல்லோரும் சுவருக்குப் பின்னால் போய்விட வேண்டும். யாரும் பிடிக்கக் கூடாது.

மார்ச் கடைசியில் தாள் ஒட்டியபோது சந்திரம்மாள் முதலில் இசைவாணியின் பெயரைத்தான் தேடினாள். பூஜ்யம். பிறகு தன்னுடையதைப் பார்த்தாள். அதுவும் பூஜ்யம்.

"ரெண்டு பேரும் ஒண்ணாயிட்டோம்க்கா."

"உனுக்கு முன்ன வந்த நம்பரு அப்படியே கீது இல்ல" என்றாள் சந்திரம்மாள்.

உள்ளே ஒரு முழங்கால் கேஸ் காத்திருந்தது. இசைவாணி வைத்த மணல் மூட்டையை ஒரு விரல் அளவு நகர்த்தி, வாரைத் தன் கையால் இன்னொரு தரம் இறுக்கிவிட்டுத்தான் அவள் சுவருக்குப் பின்னால் வந்தாள்.