“சரிங்கம்மா” என்றதால் வந்த வினை

என் கணவருக்குக் கண்புரை ஆபரேஷன். உள்ளே வைக்கும் லென்ஸுக்காக அரியலூர் ஆஸ்பத்திரியில் கண்ணை அளந்த பெண், “ஒவ்வொரு தடவையும் வேற அளவு வருதும்மா” என்றார். கண்ணில் வேறு ஏதும் கோளாறோ என்று நான் பக்கத்தில் போய் நின்றேன்.

பிறகுதான் கவனித்தேன். “வெளிச்சத்தையே பாருங்கய்யா” என்று அந்தப் பெண் சொல்லும்போதெல்லாம், மெஷினில் தாடையை வைத்திருந்த இவர் “சரிங்கம்மா” என்று மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்!

“ஆடாம இருங்க, பதிலே சொல்லாதீங்க” என்றேன். அதற்கும் தலையாட்டினார். அந்தப் பெண் சிரித்தேவிட்டார். கடைசியில் நான் இவர் பிடரியைப் பிடித்துக்கொண்டேன். அளவு ஒரே மாதிரி வந்தது.

ஆபரேஷனுக்குப் பின் கட்டுப் பிரித்ததும் என்னைப் பார்த்து, “மூக்குத்தி புதுசா?” என்றார். கல்யாணத்தில் போட்டது!

இப்போது தெரிந்தவர்கள் யார் கண்ணை அளக்கப் போனாலும், மரியாதையெல்லாம் எழுந்த பிறகு காட்டச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.