சர்க்கார் மணியும் அம்மாவின் சாளையும்

என் பெரிய அண்ணன் கடப்பாரையை ஓங்கிச் சாளையின் மேற்குச் சுவரில் முதல் குத்துக் குத்தியபோது, அம்மா வாசலில் மழையில் நனைந்துகொண்டு நின்றாள். எங்கள் பக்கத்தில் காட்டுக்குள் கட்டிக்கொள்ளும் சின்ன வீட்டைச் சாளை என்போம். உள்ளே கயிற்றுக் கட்டிலில் அப்பாவின் உடல் கிடந்தது. ஆகாத நட்சத்திரத்தில் உயிர் போயிருக்கிறது, வாசல் வழியாக எடுக்கக் கூடாது, சுவரை உடைத்துத்தான் எடுக்க வேண்டும், எடுத்த பிறகு ஆறு மாதம் வீட்டை அடைத்துவிட வேண்டும் என்று சோசியர் சொல்லியிருந்தார். இதற்கு அடைப்பு என்று பெயர். ஈரச் சுவர் லேசில் விழவில்லை. அண்ணன் மூச்சு வாங்க வாங்கக் குத்தினார். அம்மா அழவில்லை. ஒவ்வொரு குத்துக்கும் அவள் தோள் மட்டும் ஒரு முறை குலுங்கியது. எனக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. சுவரை உடைத்த அண்ணன் போய்ச் சேர்ந்தே பல வருஷமாகிறது. வயதானால் கோபம் ஆறிவிடும் என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம்தான் வருகிறது.

அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்தவர். பண்ணையம் பார்க்கிற குடும்பத்தில் பிறந்து, மற்றவர்களைவிட நாலு எழுத்து கூடுதலாகப் படித்ததால் பச்சைக் கொடி பிடிக்கப் போனவர். நாங்கள் மூன்று பிள்ளைகளும் ரயில்வே குவார்ட்டர்ஸ்களில்தான் வளர்ந்தோம். அப்பா வண்டியின் கடைசிப் பெட்டியில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பார். அம்மா அடுப்படியில் நின்று அந்த வண்டி போகும் சத்தத்தைக் கேட்பாள். முப்பது வருஷம் ரயில்காரன் பெண்டாட்டியாக இருந்தவள், புருஷனுக்கு எதிரே உட்கார்ந்து ஒரே பெட்டியில் நிம்மதியாக ஒரு ஊருக்குப் போனதில்லை. அதை அவள் குறையாகச் சொல்லி நான் கேட்டதும் இல்லை. ஆனால் அப்பா ரிட்டையரான மறு மாதமே இருவரும் பாஸ் எடுத்துக்கொண்டு ராமேசுவரத்துக்குக் கிளம்பினார்கள். அதற்குப் பிறகு அவர்களைப் பிடித்து நிறுத்த யாராலும் முடியவில்லை.

காசி, பூரி, பம்பாய், ஹரித்துவாரம் என்று ஆறேழு வருஷம் சுற்றினார்கள். புண்ணியம் தேடிப் போகிறார்கள் என்று ஊரார் நினைத்துக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால் அம்மாவுக்குச் சாமியைவிட ஜன்னல் முக்கியம். ஜன்னலோரம் இடம் கிடைக்காவிட்டால் அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் அப்பாவோடு பேச மாட்டாளாம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் தண்ணீர் பிடித்துக் குடித்துப் பார்த்து, இந்தத் தண்ணீரில் பருப்பு வேகும், இதில் வேகாது என்று தீர்ப்புச் சொல்வாள். கோதாவரிப் பாலத்தின் மேல் வண்டி போய்க்கொண்டே இருந்ததைச் சொல்லும்போது அவள் குரலே மாறிவிடும். பாலம் வர இன்னும் நாலு நிமிஷம், மூணு நிமிஷம் என்று அப்பா தன் சட்டைப்பைக் கடிகாரத்தை அவள் கையில் கொடுத்துக் காட்டுவாராம். அப்படித்தான் எழுத்து ஒன்று கூடத் தெரியாத என் அம்மா நிமிஷ முள் பார்க்கக் கற்றுக்கொண்டாள். எங்கள் ஊர்ப் பெண்கள் உச்சி நேரம், மாடு திரும்பும் நேரம் என்று சொன்னால், அம்மா மட்டும் நாலு மணி பன்னிரண்டு நிமிஷம் என்பாள்.

அண்ணன்களுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. பெரியவர் ஊரில் பண்ணையம் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவர் குமாரபாளையத்தில் தறி போட்டிருந்தார். என்னைச் சேலத்தில் ஒரு கோர்ட்டு குமாஸ்தாவுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். “பேரம் பேத்தியக் கொஞ்சற வயசுல ரெண்டும் சோடி போட்டுக்கிட்டு ஊரு சுத்துதுங்க. வெளிய தல காட்ட முடியல, அம்மிணி” என்று பெரிய அண்ணன் என்னிடம் புலம்புவார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். என் பிரசவத்துக்கு அம்மா பத்து நாள் தாமதமாக வந்தாள் என்று எனக்கும் ஒரு வருத்தம் இருந்தது. அவள் எங்களுக்காகக் காத்திருந்த முப்பது வருஷத்தை நாங்கள் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

பிறகு இரண்டாவது உலக யுத்தம் வந்தது. ரயிலெல்லாம் பட்டாளத்துக்காரர்களால் நிரம்பி வழிய, கிழவனும் கிழவியும் ஏறுவதற்கு இடம் எங்கே? இருவரும் பெரிய அண்ணன் வீட்டில் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டு மாதம் கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. “ஏனுங்க, நம்ம ரெண்டு பேருக்குன்னு ஒரு ஊடு கட்டிக்கலாமுங்க. ரயிலுப் பொட்டியாட்டச் சின்னதா இருந்தாப் போதுமுங்க” என்று அம்மா கேட்டாளாம். சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில், ஊரைவிட்டு ஒரு மைல் தள்ளி, எங்களுக்கு மேட்டுக்காடு கொஞ்சம் இருந்தது. ஒரு பக்கம் பார்த்தால் திருச்செங்கோட்டு மலை, மறுபக்கம் தூரத்தில் ரயில் புகை. அங்கே கட்டினார்கள். அறுபதைத் தாண்டிய இருவரும் கூலிக்காரர்களுக்குச் சமமாக நின்று வேலை செய்தார்கள். சுவருக்கு மண் மிதித்தது முக்கால்வாசியும் அம்மாவின் கால்கள். ஜன்னல் வைக்கும் நாளில் நான் போயிருந்தேன். அம்மா கட்டாந்தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, தன் கண்ணுக்கு நேரே கையை நீட்டி, “இந்த மட்டத்துக்கு வையிங்க” என்றாள். கொத்தனார் சிரித்தார். “இத்தன கீழ வெச்சா நாயெல்லாம் உள்ள எட்டிப் பாக்குமுங்க.” அம்மா எழுந்திருக்கவே இல்லை. “பாத்துட்டுப் போகுட்டும்” என்றாள்.

அந்தச் சாளையில் இரண்டு வருஷம் இருந்தார்கள். நான் போகும்போதெல்லாம் இருவரும் அந்த ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். வாரத்துக்கு ஒரு நாள் அப்பா சங்ககிரி ஸ்டேஷனுக்கு நடந்துபோய், அங்கிருந்த கடிகாரத்தைப் பார்த்துத் தன் கடிகாரத்தைச் சரிசெய்து திரும்புவார். இனி எந்த வண்டியை விடப் போகிறார் என்று அண்ணன் கேலி செய்வார். என் பெற்றோரை நான் சந்தோஷமாகப் பார்த்தது அந்த இரண்டு வருஷம்தான்.

ஐப்பசி அடைமழையில், சூரியன் எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஒரு காலை நேரத்தில் அப்பா போய்விட்டார். அம்மா மட்டுமே பக்கத்தில் இருந்தாள். தகவல் வந்து நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர மத்தியானம் ஆனது. அப்போதுதான் பக்கத்து ஊரிலிருந்து சோசியரை அழைத்து வந்திருந்தார்கள். உயிர் போனது எந்நேரம் என்று அவர் கேட்டார். வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் விடிஞ்சு செத்த நேரத்துல என்று சொல்லியிருப்பாள். விஷயம் அதோடு முடிந்திருக்கும். என் அம்மா அழுகையின் நடுவிலும், “ஏழு மணி இருவது நிமிசமுங்க” என்றாள். சோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார், விரல் விட்டு எண்ணினார். அந்த நேரத்துக்கு அரை மணி முன்னால் திருவோணம் முடிந்து அவிட்டம் பிறந்துவிட்டது, அவிட்டத்துக்கு ஆறு மாதம் அடைப்பு என்றார். அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் கடப்பாரையை எடுத்துவரப் போனார்.

சாளையைப் பூட்டி வாசலில் முள்ளை வெட்டிப் போட்டார்கள். அம்மாவை அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். தவிட்டு மூட்டை அடுக்கும் அறையில் அவளுக்கு ஒரு மூலை கிடைத்தது. ஜன்னல் கிடையாது. நல்ல காரியத்துக்குப் புறப்படுகிறவர்கள் கண்ணில் படாமல் இரு என்றார்கள். அண்ணி கெட்டவள் அல்ல, வேளைக்குச் சோறு போட்டாள். ஊரெல்லாம் சுற்றியவள் அந்த இருட்டில் உட்கார்ந்து அண்ணிக்குப் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதம் முடிந்ததும் சாளைக்குப் போய்விடலாம் என்ற ஒரே நினைப்பில்தான் அவள் உயிரைப் பிடித்து வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். அண்ணனுக்கோ வேறு எண்ணம் இருந்தது. எழவு விழுந்த வீடு, பிரித்து எடுத்துக் கட்டுத்தறிக்குக் கூரை போட்டால் மாடுகளாவது நனையாமல் இருக்கும் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார்.

தை மாதம் நான் போனபோது அம்மா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். “சாமி, சண்டைக்காகச் சர்க்காரு கடியாரத்தையெல்லாம் ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வெச்சிருக்குதில்ல? அப்பா கடியாரமும் அந்த மணிதானே காட்டுது?” என்றாள். யுத்தத்துக்காகக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டிருந்தது. ரயிலும் கோர்ட்டும் பள்ளிக்கூடமும் அந்த மணிப்படி நடந்தன. எங்கள் ஊரில் அதைச் சர்க்கார் மணி என்று சொல்லிச் சிரித்துவிட்டுச் சூரியனைப் பார்த்து வேலைக்குப் போனார்கள். சோசியர் பஞ்சாங்கமும் சூரியனைப் பார்த்துத்தான் கணக்குச் சொல்லும். அம்மா சொன்ன ஏழு இருபது ஸ்டேஷன் மணி. ஊர்க் கணக்குக்கு அது ஆறு இருபதுதான், அவிட்டம் பிறக்க இன்னும் அரை மணி இருந்தது. அப்பா போனது திருவோணத்தில். அடைப்பே இல்லை. உடைத்த சுவர், போட்ட பூட்டு, வெட்டிப்போட்ட முள் எல்லாமே வீண். “மூணு மாசமா இதையேதான் ரோசன பண்ணிக்கிட்டு இருந்தேன். நீ படிச்ச புள்ள. சோசியர்கிட்ட எடுத்துச் சொல்லு. செவுத்த நானே வெச்சுக்கறேன்” என்றாள்.

கட்டுத்தறியில் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்த அண்ணனிடம் ஓடினேன். ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைக்கவில்லை, திடுக்கிடவும் இல்லை. “அது எனக்கு அன்னிக்கே தெரியும், அம்மிணி” என்றார். வாரம் தவறாமல் ரயிலேறிச் சேலம் சந்தைக்குப் போகிறவருக்குச் சர்க்கார் மணி தெரியாமல் இருக்குமா? “ஏனுங்கண்ணா, அப்பறம் ஏன் செவுத்த இடிச்சீங்க?” என்று கத்தினேன். “காட்டுக்குள்ள ஒத்தையில ஒரு பொம்பள இருந்தா ஊரு என்ற மூஞ்சியிலதான் காறித் துப்பும். சோசியரே சொன்னாருன்னா அம்மாளும் கேட்டுக்கும், ஊரும் வாய மூடிக்கும். நல்லதுக்குத்தான் கம்முனு இருந்தேன்” என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், “உன்ற புள்ளைக்கு மாசியில சீரு வெச்சிருக்கற. தாய்மாமன் நானு. இப்பப் போயி இதக் கெளப்பாத” என்றார். அவர் மிரட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்று வரை பொறுக்கவில்லை.

என் பெண் பெரியவளாகியிருந்தாள். தாய்மாமன் வந்து பச்சை ஓலையில் குடிசை கட்டி, சீர்த் தட்டு வைக்காவிட்டால் என் புகுந்த வீட்டில் நான் தலைநிமிர முடியாது. நாளைக்கு அவள் கல்யாணத்துக்கும் அவர் வந்து நிற்க வேண்டும். இதையெல்லாம் நான் கட்டுத்தறியிலிருந்து வீட்டுக்குள் நடந்து வருவதற்குள் யோசித்து முடித்துவிட்டேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இன்னும் மூணு மாசந்தானுங்களேம்மா. இப்ப எதுக்குங்க வீண் சண்ட?” என்றேன். அம்மா புளியை எடுத்துக் கொட்டை நீக்கத் தொடங்கினாள். அண்ணனைத் திட்ட எனக்கு ஆயிரம் வார்த்தை உண்டு. அவர் சுயநலத்துக்கு ஊர் என்று பெயர் வைத்தவர். நான் என் சுயநலத்துக்கு மகள் என்று பெயர் வைத்தேன். இதில் யார் மோசம் என்று தராசு பிடிக்க எனக்குத் தைரியம் இல்லை.

மாசியில் சீர் நடந்தது. அண்ணன் ஒரு குறையும் வைக்கவில்லை. மேளத்தோடு வந்தார், இருபத்தொரு தட்டு கொண்டுவந்தார், எங்கள் வீட்டு முற்றத்தில் பச்சைத் தென்னங்கீற்றில் தன் கையாலேயே குடிசை கட்டினார். என் மாமியார் வாயடைத்துப் போனார். தாலி அறுத்தவள் முன்னால் வரக் கூடாது என்பதால் அம்மா உள்ளறையில் இருந்தாள். பந்தி ஆரம்பித்ததும் நான் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். கதவிடுக்கு வழியாக அந்தக் குடிசையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

“சீரு நல்லாச் செஞ்சுபோட்டான் உங்கண்ணன்” என்றாள். “எனக்கு இனி அந்தச் சாளை வேண்டாஞ் சாமி. பிரிச்சு எடுத்துக்கட்டும்னு அவங்கிட்டச் சொல்லிப்போடு.”

நான் போய்ச் சொன்னேன்.