அப்பா சொல்லாத சாட்சி

சிறையிலிருந்து திரும்பிய அன்று சித்தப்பா எங்கள் வீட்டு வாசலில் நின்ற விதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு இருப்புக்கொள்வதில்லை. லேக் மார்க்கெட் அருகே எங்களுக்கு மாடி வீடு. கதவு திறந்துதான் இருந்தது. அவர் கைகளைக் கட்டிக்கொண்டு, யாராவது உத்தரவு கொடுக்கட்டும் என்பதுபோல் வெளியிலேயே நின்றார். "உள்ளே வாயேன்டா, ஏன் அங்கேயே நிக்கறே?" என்று அம்மா அழுதுகொண்டே சொன்ன பிறகுதான் செருப்பைக் கழற்றினார். அப்பா பேப்பரை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார்.

சித்தப்பா கிடர்பூரில் ஒரு தனியார் சரக்குக் கிடங்கில் குமாஸ்தா. மணமாகாதவர். எங்களோடுதான் இருந்தார். ஒருநாள் பிற்பகல் ஒரு லாரிச் சரக்கு அங்கிருந்து களவு போயிற்று. லாரியை வெளியே விட்ட கேட் பாஸில் அவர் கையெழுத்து இருந்தது. ஆனால் அன்று காலை வேலைக்குப் போனவர், ஜுரம் தாங்காமல் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நண்பகலிலேயே வீடு திரும்பியிருந்தார். அம்மா கஞ்சி வைத்தாள். ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான் நெற்றியில் ஈரத்துணி போட்டேன். விடுப்பிலிருந்த அப்பா மாத்திரை வாங்கி வந்தார்.

சித்தப்பா கைதானதும் அவருக்காக வாதாடிய வங்காளி வக்கீல் அப்பாவைச் சாட்சி சொல்ல அழைத்தார். வீட்டு மனிதர் சொல்வதற்கு எடை குறைவு, இருந்தாலும் சொல்லுங்கள் என்றார். அப்பா அந்த முதல் பாதியைப் பிடித்துக்கொண்டார்.

"ஜட்ஜ் நம்பமாட்டார்னு அவரே சொல்றார். அப்புறம் நான் எதுக்குக் கூண்டுல ஏறணும்? ஆபீஸ்ல ப்ரமோஷன் லிஸ்ட் வர நேரம்."

"அப்போ நான் போய்ச் சொல்றேன்" என்றாள் அம்மா. அப்பா பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. என்னை யாரும் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

ஐந்து வருடத் தண்டனை. அப்பாவுக்கு முதல் வருடமே பதவி உயர்வு வந்தது. நாங்கள் பாயசம் சாப்பிட்டோம். நான்காம் வருடம் மேல்முறையீட்டில் அந்தக் கையெழுத்தை நிபுணர் பார்த்தார். போலி என்று தெரிந்து விடுதலை செய்தார்கள். அதற்குள் சித்தப்பாவின் தலை முழுக்க நரைத்திருந்தது.

ஒரே மாதத்தில் லேக் கார்டன்ஸில் அறை பார்த்துக்கொண்டு தனியே போய்விட்டார். பண்டிகைக்கு வருவார், சாப்பிடுவார், அப்பாவின் உடம்பை விசாரிப்பார். ஏன் சாட்சி சொல்ல வரவில்லை என்று ஒருநாளும் அவர் கேட்டதில்லை. எப்போது கேட்பாரோ என்று அப்பா காத்திருந்தே காலத்தைக் கழித்தார்.

சென்ற வருடம் அப்பா போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்து வீடு அடங்கிய பிற்பகலில், இத்தனை வருடம் அடக்கிவைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு அப்பா வந்து சொல்லியிருந்தா, ஜட்ஜ் நம்பியிருப்பாரா சித்தப்பா?"

"மாட்டார்" என்றார் உடனே. பிறகு எழுந்து வாசல்வரை போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"ஆனா, கூண்டுல நின்னுண்டு அண்ணா சொல்றதை நான் கேட்டிருப்பேனேம்மா."