ஆற்றுத் தண்ணீருக்குக் காவல்

உலர்ந்த துணியை நாலாக மடித்து, கண்ணாடிப் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு வருகிறார். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. எல்லாவற்றிலும் ஒரே ஆற்றின் தண்ணீர்தான். ஒன்று டீ நிறம், ஒன்று ஊதா, ஒன்று மை போலக் கறுப்பு. சாயத் தொழிற்சாலையின் கழிவு கலந்த இடங்களில் ஓர் ஓவியர் பிடித்து வந்து காட்சிக்கு வைத்தவை. துடைக்கும் இவருக்குக் கலைக்கூடத்தில் காவல் வேலை. எல்லோருக்கும் ‘அக்கா’.

படம் எடுப்பவர்களிடம், “ஜன்னலுக்கு எதிர்ல நில்லுங்க, அப்பதான் கலர் எடுக்கும்” என்பார். கறுப்புப் பாட்டில் விற்பனைக்கா என்று ஒருவர் கேட்டதற்கு, “எங்க ஊருக்குப் போங்க. குடம் குடமா சும்மாவே கிடைக்கும்” என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

அந்த ஆற்றங்கரையில் பிறந்தவர். நாற்பத்தேழாம் பாட்டிலுக்கு மட்டும் துணி சற்று அதிக நேரம் ஓடுகிறது. இவரும் தங்கையும் துணி துவைத்த இடத்துத் தண்ணீர் அது. தங்கை அந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவர். இரண்டு வருடத்துக்கு முன் சிறுநீரகம் கெட்டு இறந்துபோனார். இவரைப் பற்றி எழுத வந்த என்னிடம் சொன்னார்: “டாக்டர் காரணம்னு எதையும் எழுதித் தரல. நாங்களா தெரிஞ்சுக்கிட்டதுதான்.”

கணவருக்கு அதே தொழிற்சாலையில் பதினெட்டு வருட வேலை. போராட்டத்துக்குப் பின் அது மூடப்பட்டு எட்டு மாதம் ஆகிறது. அவர் வீட்டில் அக்கம்பக்கத்து மின்விசிறிகளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறார். “மூடினா அவருக்கு வேலை இல்ல. திறந்தா ஆத்துல தண்ணி இல்ல. நான் எந்தப் பக்கம் கை தூக்குறது, சொல்லுங்க?”

சென்ற சனிக்கிழமை, தொழிற்சாலையைத் திறக்கலாமா என்று பாட்டில்களுக்கு நடுவிலேயே ஒரு கலந்துரையாடல் வைத்தார்கள். கணவர் தேய்த்த சட்டையோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அக்கா கதவோரம் நின்றார். கல்லூரி மாணவி ஒருத்தி எழுந்து, “இதை ஆத்துல திறந்துவிட்டவங்களுக்கு மனசாட்சியே இல்லையா?” என்று கேட்டாள்.

கணவர் எழுந்தார்.

“நான்தாம்மா திறந்துவிட்டேன். மழை பெஞ்சா ஆத்துல தண்ணி ஓடும், திறந்துவிட்டாலும் தெரியாதுன்னு சூப்பர்வைசர் சொல்லுவாரு. வால்வு என் கையிலதான். எத்தனை தடவைன்னு இப்ப ஞாபகமில்ல.”

முன்வரிசையில் ஒருவர் கை தட்ட, கூடமே தட்டியது. “இதெல்லாம் எதுக்குங்க தட்டுறீங்க?” என்றார் கணவர். ஓவியர் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “ஐயா, இதையே ஒரு தடவை ரெக்கார்ட் பண்ணித் தரீங்களா? பாட்டிலுக்குப் பக்கத்துல வைக்கலாம்.” கணவர் கண்ணால் மனைவியைத் தேடினார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வால்வு விஷயம் முன்னமே தெரியுமா என்று பிறகு கேட்டேன்.

“பம்ப் ரூம்ல வேலைன்னு தெரியும். அதுக்கு மேல நான் கேட்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. அதான் கேட்கல.” பிறகு, “தங்கச்சி செத்தன்னைக்கு என்னைவிட அவருதான் அதிகமா அழுதாரு. பாசம்னு நினைச்சேன்” என்றார்.

நாற்காலிகளை அடுக்கிவிட்டுத்தான் கிளம்பினார். அதுவரை கணவர் வாசலில் நின்றார். நானும் அதே பேருந்தில் ஏறினேன். கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு, “உட்காரு” என்றார். அக்கா உட்காரவில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டார். அந்த இடம் காலியாகவே வந்தது.

பேருந்து வளைந்து திரும்பியபோது, எதிர்ப்பக்க ஜன்னல் வழியாக மாலை வெயில் கணவரின் முகத்தில் நேராக விழுந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா அவரைப் பார்க்கவில்லை, வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தபடியே, கம்பியில் கையை மாற்றிப் பிடித்து, அரை அடி நகர்ந்து நின்றார். அவருடைய நிழல் கணவரின் முகத்தின் மேல் வந்து விழுந்தது.